நொச்சி இலையும் நாற்பது மில்லிகிராமும்

எண்பதுகளின் நடுப்பகுதியில் நான் யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படிப்பிக்கும் தற்காலிக உதவி விரிவுரையாளராக இருந்தேன். காலையில் முதலாம் வருட மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு. மத்தியானத்துக்குப் பிறகு ஆய்வுகூடம் எங்களுக்கு. எங்களுக்கு என்றால் எனக்கும் என் சிநேகிதிக்கும். பெண்கள் இருவரும் ஒன்றாகப் படித்து, ஒரே நாளில் ஒரே வேலைக்கு எடுபட்டவர்கள். நான் உடுவிலில் இருந்து சைக்கிளில் வருவேன். அவள் கரவெட்டியில் இருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். ஒருவரை ஒருவர் 'நீர்' என்றுதான் கதைப்போம். சண்டை பிடிக்கும்போது மட்டும் அது 'நீ' ஆகிவிடும். அந்த வருடம் 'நீ' அடிக்கடி வந்தது.

அவளுடைய வீட்டு வேலி ஓரமாக நொச்சி அடர்ந்து நின்றது. தடிமன் வந்தால் அவளுடைய அம்மா அந்த இலையைக் கொதிக்கவைத்து ஆவி பிடிக்கச் சொல்வா. ஒரு திங்கட்கிழமை அவள் மூக்கெல்லாம் சிவந்துபோய் ஆய்வுகூடத்துக்கு வந்தாள்.

"ஆவி பிடிச்சுப் பிடிச்சு முகம் அவிஞ்சு போச்சு. உந்த இலைக்குள்ளை என்னதான் கிடக்கெண்டு ஒருக்காப் பாப்பமோ?" என்றாள்.

எங்கள் ஆராய்ச்சி அப்படித்தான் தொடங்கியது. பேராசிரியர் தலையாட்டினார். அடுத்த வாரமே அவள் இரண்டு சாக்கு நிறைய இலையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். கொண்டக்டர் சாக்குகளுக்கும் ரிக்கற் கேட்டாராம்.

இலையை நிழலில் காயவைத்து, இடித்து, மெதனோலில் ஊறவைத்தோம். வடித்த சாறு கடும் பச்சை. அதை வற்றவைத்தால் தார் போல ஒன்று மிஞ்சும். அந்தத் தாரை, வெள்ளைச் சிலிக்காத் தூள் நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாயின் தலையில் வைத்து, மேலே இருந்து கரைப்பானைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். தாருக்குள் கலந்து கிடக்கும் பொருள்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் இறங்கும். முதலில் மெழுகு, பிறகு பச்சையம், அதற்குப் பின்னால் ஆறுதலாக ஒரு மஞ்சள் வளையம். அந்த மஞ்சளுக்காக நாங்கள் முறைவைத்துக் குழாயின் பக்கத்தில் காவல் இருந்தோம். ஒருவர் சாப்பிடப் போனால் மற்றவர் சொட்டு எண்ணுவார்.

ஐந்து மாதம் போனது. மூன்று தடவை மஞ்சள் வளையம் கலங்கிப்போய் முதலில் இருந்து தொடங்கினோம். நாலாவது தடவை, சூடான மெதனோலில் கரைத்து ஆறவிட்ட சின்னக் குடுவைக்குள் மஞ்சள் ஊசிகள் விழுந்து கிடந்தன. மயிரை விட மெல்லிய ஊசிகள். வெளிச்சத்தில் பிடித்தால் மினுங்கின. அவள் குடுவையைக் கையில் வாங்கி, "அசையாதையும், அசையாதையும்," என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் ஒரு முழம் தள்ளித்தான் நின்றிருந்தேன்.

ஊசிகளை வைத்துக்கொண்டு கையில் இருந்த பரிசோதனைகளை எல்லாம் செய்தோம். இது பிளேவனொயிட் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று என்பது தெரிந்துவிட்டது. அந்தக் குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் உடம்பு ஒன்றுதான், உடம்பில் எங்கெங்கே என்னென்ன தொங்குகிறது என்பதில்தான் வேறுபாடு. எங்கள் பொருளில் மெதொக்சிக் கூட்டங்கள் தொங்கின. மெதொக்சி என்றால் ஓர் ஒட்சிசன், அதில் ஒரு காபன், அந்தக் காபனில் மூன்று ஐதரசன். அப்படி எத்தனை தொங்குகின்றன? அமிலத்தோடு கொதிக்கவைத்து எண்ணும் பழைய முறையில் எண்ணிப் பார்த்தோம். விடை மூன்றரை என்று வந்தது.

அரை மெதொக்சி என்று உலகத்தில் ஒன்று இல்லை.

"நாலு," என்றாள் அவள். "கொதிக்கேக்கை ஆவி கொஞ்சம் தப்பிப் போயிருக்கும். உந்த முறையிலை குறைஞ்சுதான் வரும்."

"மூண்டு," என்றேன் நான். "ஊசிக்குள்ளை மெதனோல் ஒட்டிக் கிடந்திருக்கும். அதையும் சேத்தெல்லோ எண்ணியிருக்கிறம்."

"நான் காயவைச்சனான்."

"காணாது. ஈரம் முழுக்கப் போயிருக்காது."

"நீ வந்து காயவைச்சிருக்கலாமே?"

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆய்வுகூட உதவியாளர் பீக்கரைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். கடைசியில் பந்தயம் கட்டினோம். தோற்றவர் ஒரு மாதம் எல்லாக் கண்ணாடிப் பாத்திரங்களையும் தனியாகக் கழுவ வேண்டும்.

வழக்கைத் தீர்க்கக்கூடிய இயந்திரம் எங்களிடம் இல்லை. அது என்.எம்.ஆர். பாடமாகப் படித்திருந்தோம், பரீட்சையும் எழுதியிருந்தோம், இயந்திரத்தைக் கண்டதில்லை. ஐதரசனின் அணுக்கரு ஒவ்வொன்றும் ஒரு சின்னக் காந்தம். பொருளைக் கரைத்து ஒரு பெரிய காந்தத்தின் நடுவில் வைத்து வானொலி அலையைச் செலுத்தினால், அந்தச் சின்னக் காந்தங்கள் பதில் சொல்லும். எல்லாம் ஒரே இடத்தில் பதில் சொல்லுவதில்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இடம் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப்போகும். ஒவ்வொரு பதிலையும் பேனா ஒரு சிகரமாகக் கடதாசியில் கீறும். பொருளை உடைக்காமல், கொதிக்கவைக்காமல், அதனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி.

கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் அந்த இயந்திரம் இருந்தது. பேராசிரியர் கடிதம் எழுதினார். முப்பது மில்லிகிராமுக்குக் குறையாமல் கொண்டு வரச்சொல்லிப் பதில் வந்தது. பரிசோதனைகள் எல்லாம் போக எங்களிடம் மிஞ்சியிருந்தது நாற்பத்திரண்டு. தபாலில் அனுப்ப இருவருக்கும் மனம் வரவில்லை. அவளுடைய வீட்டில் விடமாட்டார்கள். என்னை விட்டார்கள், அப்பா கூட வருவதாக இருந்தால்.

அப்பா தெற்கில் பல ஊர்களில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து இளைப்பாறியவர். சிங்களம் தண்ணீராகக் கதைப்பார். கொழும்புக்குப் போகிறோம் என்றதும் அவர் முதலில் எடுத்துவைத்தது பழைய ரெயில்வே மணிக்கூட்டையும் குடையையும்.

"மழை இல்லையே அப்பா, குடை ஏன்?"

"மழை வந்தாப் பிறகு எடுக்கேலாது, பிள்ளை."

ஊசிகள் சின்னக் கண்ணாடிக் குப்பியில் இருந்தன. குப்பியைப் பஞ்சில் சுற்றி, தகரப் பெட்டி ஒன்றில் வைத்து, கைப்பைக்குள் வைத்திருந்தேன். அன்றைக்கு ரெயில் ஓடாததால் பஸ்ஸில் புறப்பட்டோம். ஆனையிறவு இராணுவச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். இரண்டு பக்கமும் கடல்நீரேரி, சேலையைப் பிடுங்கிக்கொண்டு போகிற உப்புக் காற்று. வரிசையில் நின்று பைகளைத் திறந்து காட்ட வேண்டும். என் பையைப் பார்த்த ஆமிக்காரனுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். தகரப் பெட்டியைத் திறந்தான். பஞ்சை விரித்தான். குப்பியை வெளிச்சத்தில் பிடித்தான்.

"மேக்க மொக்கத?" என்றான். இது என்னவென்று கேட்கிறான் என்பது எனக்கும் விளங்கியது. மஞ்சள் தூள். அந்தக் காலத்தில், அந்த இடத்தில், வடக்கிலிருந்து வரும் ஒருத்தியின் கையில்.  பேராசிரியரின் ஆங்கிலக் கடிதத்தை நீட்டினேன். அவன் முத்திரையைப் பார்த்தான், எழுத்தைப் பார்க்கவில்லை. கொஞ்சத்தைக் கொட்டிக் காட்டச்சொல்லிச் சைகை செய்தான்.

என் குறிப்புப் புத்தகத்தை விரித்துக் குப்பியைச் சரித்தேன். கொஞ்சம் கொட்ட நினைத்தேன், கூடுதலாகக் கொட்டிவிட்டது. அடுத்த கணம் காற்று வந்தது. தாளின் மேல் இருந்த மஞ்சள் எழும்பி நீரேரிப் பக்கமாகப் போனதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஐந்து மாத வேலை. அப்பா குடையை விரித்துக்கொண்டு காற்றுக்குக் குறுக்கே பாய்ந்தார். அதற்குள் தாளில் கால்வாசிதான் மிச்சம்.

அப்பா சிங்களத்தில் கதைக்கத் தொடங்கினார். எனக்குப் பிடிபட்டது 'நிக்க' என்ற சொல் ஒன்றுதான். அதைக் கேட்டதும் அவன் முகம் மாறியது. குனிந்து தாளை முகர்ந்து பார்த்தான். தலையை ஆட்டி ஏதோ கேட்டான்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "நொச்சியைத்தான் அவை நிக்க எண்டு சொல்லுறது. இவரின்ரை அம்மா அதை அவிச்சு முழங்காலுக்குக் கட்டுறவவாம். நிக்க எண்டால் மணக்குமே, இது ஏன் மணக்கேல்லை எண்டு கேக்கிறார்."

நல்ல கேள்வி. எங்கள் வளாகத்தில்கூட யாரும் கேட்காத கேள்வி. "மணம் எண்ணெயிலை இருக்கிறது, அப்பா. அது முதலே பிரிஞ்சு போட்டுது. இது இலையின்ரை மஞ்சள் மட்டும்."

அப்பா அதை எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது. "நல்லாக் கழுவி எடுத்தது எண்டு சொன்னனான்," என்று பிறகு சொன்னார். அவன் எங்களைக் காற்றுப் படாத சுவர் ஓரமாக வரச்சொன்னான். நான் நிலத்தில் குந்தி, தாளை மடித்து, மிச்சத்தைக் குப்பிக்குள் தட்டினேன். நான் மூடியைப் பூட்டும்வரை அவன் அடுத்த ஆளைக் கூப்பிடாமல் நின்றான். போகலாம் என்று கையைக் காட்டியபோது, முழங்காலுக்கு இந்தத் தூள் நல்லதோ என்று அப்பாவிடம் கேட்டான். அப்பா தன் முழங்காலைத் தட்டிக்காட்டி, இலைதான் நல்லது என்றார்.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அப்பா மணிக்கூட்டை எடுத்துப் பார்த்தார், பிறகு, "மிச்சம் காணுமோ?" என்று கேட்டார்.

"தெரியாது."

கொழும்பில் அந்த இயந்திரத்தை நடத்தியவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு சிங்களப் பெண்மணி. குப்பியை நிறுத்தார். பத்தொன்பது மில்லிகிராம். முப்பது கேட்டிருந்தோமே என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன கண்டாரோ, "செய்து பார்ப்போம்," என்றார். காந்தம் கிடக்கும் அறைக்குள் மணிக்கூடு கொண்டுவர வேண்டாம் என்றார். அப்பா மணிக்கூட்டைத் தர மறுத்து, வாசலுக்கு வெளியே கதிரை போட்டு இருந்தார். அங்கிருந்தபடியே அந்த அம்மாவின் ஊரைக் கேட்டு, அந்த ஊர் ஸ்டேஷனில் எந்த ரெயில் எத்தனை மணிக்கு நிற்கும் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

பென்சில் அளவு மெல்லிய கண்ணாடிக் குழாய். அதற்குள் விசேஷமான குளோரோபோமில் கரைத்த எங்கள் மஞ்சள். குழாய் காந்தத்துக்குள் இறங்கி, காற்று ஊத, பம்பரம் போலச் சுழன்றது. மெல்லிய இரைச்சல் ஒன்று. பேனா இடப்பக்கம் இருந்து புறப்பட்டது. வெகுநேரம் ஒன்றும் இல்லை, நடுங்கும் ஒரு கோடுதான். பொருள் குறைவென்பதால் கோடு புல் முளைத்தது போல இருந்தது. பிறகு திடீரென்று பேனா எழும்பி விழுந்தது. வளையத்தின் ஐதரசன்கள். அவை நான் எதிர்பார்த்த இடத்திலேயே நின்றன. புத்தகத்தில் படித்த ஒன்று என் கண்ணுக்கு முன்னால் பேனா மையில் நடந்துகொண்டிருந்தது. என் வாய் திறந்தபடியே இருந்ததாம். அந்த அம்மா பிறகு அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

மெதொக்சி வரும் இடம் நெருங்கியது. பேனா எழும்பியது. ஒன்று. விழுந்து மறுபடி எழும்பியது. இரண்டு. மூன்று. அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் இல்லை.

மூன்று! நான் கையைத் தட்டிவிட்டேன். ஒரு மாதப் பாத்திரம் என் கண்முன்னே வந்தது, அவள் கழுவுவதாக.

அந்த அம்மா சிரித்துக்கொண்டு, "பொறுங்கள்," என்றார். இன்னொரு பொத்தானை அமத்திப் பேனாவை மறுபடி இடப்பக்கம் கொண்டுபோனார். இம்முறை அது சிகரங்களுக்கு மேலே ஒரு படிக்கட்டைக் கீறிக்கொண்டு வந்தது. எந்த இடத்தில் எத்தனை ஐதரசன் இருக்கிறதோ அதற்கேற்ற உயரம் அந்தப் படி. மில்லிமீற்றர் கோடு போட்ட என் பிளாஸ்டிக் அடிமட்டத்தை எடுத்து அளந்தேன். வளையத்தில் தனியே நின்ற ஒற்றை ஐதரசனின் படி ஏழு மில்லிமீற்றர். மூன்று மெதொக்சி என்றால் ஒன்பது ஐதரசன், அறுபத்துமூன்று வரவேண்டும். அளந்தேன். எண்பத்துநாலு. அடிமட்டத்தைத் திருப்பி வைத்து மறுபடி அளந்தேன். எண்பத்துநாலுதான். பன்னிரண்டு ஐதரசன். நாலு மெதொக்சி. அவற்றில் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டி நின்று ஒரே சிகரமாகத் தெரிந்திருக்கின்றன. பார்த்தால் அந்தச் சிகரம் மற்ற இரண்டையும் விட நல்ல உயரமும் தடிப்பும்தான். எனக்குத்தான் பார்க்க மனம் இருக்கவில்லை.

திரும்பி வரும்போது ரெயிலில் அந்தக் கடதாசியை மடியில் விரித்து வைத்திருந்தேன். படிக்கட்டு இருக்கும் மேல்பாதியைப் பின்னால் மடித்தால் மூன்று சிகரம் மட்டும் தெரிந்தது. ஒரு தடவை மடித்துப் பார்த்தேன், உண்மையைச் சொல்ல வேண்டும். பிறகு விரித்துவிட்டேன். தோற்றது கவலையாக இல்லை என்பதுதான் எனக்கே புதினமாக இருந்தது. இந்த ஊசிகளை ஐந்து மாதம் தூக்கிச் சுமந்தோம். இப்போதுதான் அது யாரென்று அதன் வாயாலேயே கேட்டிருக்கிறேன்.

அடுத்த நாள் ஆய்வுகூட மேசையில் கடதாசியை விரித்தேன். சிநேகிதி குனிந்து பார்த்தாள். விரலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று தொட்டாள். அவளுடைய தோள் இறங்கியது.

"சரி. நீர் வெண்டிட்டீர்," என்றாள்.

நான் எவ்வளவு நேரம் பேசாமல் இருக்க முடியுமோ அவ்வளவு நேரம் இருந்தேன். பிறகு அடிமட்டத்தை அவளிடம் நீட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், படிக்கட்டைப் பார்த்தாள், அளந்தாள். உதடு அசைய மனதுக்குள் வகுத்தாள்.

"அடியே! நீ முதலே அளந்திட்டியோ?"

"ஓம். ரெயிலிலை இன்னும் மூண்டு தரம்."

அவள் அடிமட்டத்தாலேயே என் கையில் ஒன்று போட்டாள். இருவரும் சிரித்த சிரிப்பில் உதவியாளர் அடுத்த அறையில் இருந்து எட்டிப் பார்த்தார். ஆனையிறவில் நடந்ததைச் சொன்னபோது அவள் சிரிப்பை நிறுத்திக் கேட்டாள். மஞ்சள் பறந்ததற்காக ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. "அந்தப் பொடியன்ரை அம்மாவுக்கு முழங்கால் கடுமையோ?" என்றுதான் கேட்டாள். அந்த மாதம் முழுக்க நான் பாத்திரம் கழுவினேன். கரண்ட் இல்லாத நாள்களில் கிணற்றில் அள்ளிக் கழுவினேன்.

அதன் பிறகு நூலகத்தில் பழைய ஆய்வுச் சுருக்கங்களின் தடித்த தொகுதிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினோம். மூன்றாம் நாள் அகப்பட்டது. நாலு மெதொக்சி, அதே உருகுநிலை, அதே மஞ்சள் ஊசி. எங்களுக்குப் பல வருடங்களுக்கு முன்னரே, வேறொரு நாட்டில், நொச்சியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியிலிருந்து யாரோ பிரித்தெடுத்துப் பெயரும் வைத்துவிட்டார்கள். புதிய பொருள் கண்டுபிடித்தவர்கள் என்ற பெயர் எங்களுக்கு இல்லை.

நான் தொகுதியை மூடிவிட்டேன். அவள் மறுபடி திறந்து அந்தப் பக்கத்தை வாசித்தாள்.

"அப்ப நாங்கள் ஒரு இடத்திலையும் பிழை விடேல்லை," என்றாள். குரலில் கவலையே இல்லை. "எங்கடை வேலியிலை நிக்கிறதுக்குள்ளையும் உதுதான் கிடக்கெண்டு இப்பத்தானே தெரியும். உமக்கும் எனக்கும் மட்டும்."

அவள் பிறகு கரவெட்டியில் ஆசிரியையாகப் போனாள். கலியாணமும் அங்கேயே. நான் மேற்படிப்பை முடித்து அதே துறையில் விரிவுரையாளரானேன். போரோடும் பொருள் தடையோடும் தொண்ணூறுகள் வந்தன. கரண்ட் என்பதே இல்லை. கரைப்பான்கள் இல்லை, தாள் இல்லை. சேதன இரசாயனவியல் இறுதி வருடத்துக்கு என்.எம்.ஆர். படிப்பிக்க வேண்டியவள் நான். என்னிடம் இருந்தது கொழும்பில் எடுத்த அந்த ஒரே ஒரு கடதாசி. மாணவர்கள் அதை யன்னல் கண்ணாடியில் வைத்து, எண்ணெய்க் கடதாசியில் முறைவைத்துப் பென்சிலால் பிரதி எடுப்பார்கள். புல் போன்ற நடுக்கத்தைக்கூட விடாமல் கீறுவார்கள். பிறகு மர நிழலுக்கு வாங்குகளைக் கொண்டுபோய்ப் போட்டு, அடிமட்டத்தோடு உட்காருவோம். மூன்று சிகரம் கண்டு 'மூன்று மெதொக்சி' என்று எழுதாத வகுப்பு ஒன்றுகூட இருந்ததில்லை. அளக்கச் சொல்லிவிட்டு அவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வருடத்தில் எனக்குப் பிடித்த மணித்தியாலம் அதுதான்.

ஒரு வருடம் பண்டத்தரிப்புப் பிள்ளை ஒருத்தி வகுப்பில் இருந்தாள். அதிகம் கதைக்காதவள். மெதொக்சிகளை எல்லோருக்கும் முன்னால் சரியாக எண்ணிவிட்டு, அடிமட்டத்தைக் கீழே வைக்காமல் இருந்தாள்.

"என்ன பிள்ளை?"

"மிஸ், கீழை இருக்கிற அளவுக்கோட்டிலை இரண்டு தசம் ஒண்டிலை ஒரு சின்னச் சிகரம் நிக்குது. எங்கடை பொருளிலை அந்த இடத்துக்கு ஒண்டும் இல்லையே?"

அந்தச் சிகரத்தை நான் எத்தனையோ வருடமாகப் பார்த்து வந்தவள். இலையின் அழுக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கடந்து போயிருக்கிறேன். அதையே அவளிடமும் சொன்னேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் தெளிவாகச் சொன்னாள்: "இலையின்ரை எண்டால் இன்னும் ரெண்டு மூண்டு சிகரம் கூடவே வரும் மிஸ். இது தனிய நிக்குது. அசற்றோன் போல கிடக்கு. குழாயைக் கழுவிப்போட்டு ஆரோ வடிவாக் காயவிடேல்லை."

அவள் சொல்லச் சொல்ல எனக்கு அந்த மத்தியானம் கண்ணுக்கு முன்னால் வந்தது. பின்னேர ரெயிலைப் பிடிக்க வேண்டும், கொஞ்சம் கெதியாகச் செய்ய முடியுமா என்று அந்த அம்மாவை அவசரப்படுத்தியவள் நான்தான். அவர் குழாயை அசற்றோனால் அலசி இரண்டு உதறு உதறிவிட்டு எடுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆரோ இல்லை, பிள்ளை. என்ரை அவசரம்தான் அது," என்றேன். வகுப்பு சிரித்தது. அவளும் முதல் தடவையாகச் சிரித்தாள்.

அன்றைக்கே மூலக் கடதாசியை எடுத்து, அந்தச் சிகரத்துக்கு மேலே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். அடுத்த வருடத்து வகுப்புக்கு அதையே முதல் கேள்வியாகக் கொடுத்தேன். இரண்டு பேர் சரியாக எழுதியிருந்தார்கள்.